நுங்குக்காரர்களிடம் கேட்ட மன்னிப்பு

என் வாய்க்கொழுப்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றதே அதனால்தான். ஆனால் அது ஒரு நாள் என் அக்காவையே வீட்டுக்கு வரவிடாமல் செய்யும் என்று நான் நினைத்ததில்லை.

அக்காவின் தலைத் தீபாவளி அன்று நடந்தது அது. எங்கள் வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில். அக்காவைக் கொடுத்தது பக்கத்தில் ஓரிக்கையில். மாப்பிள்ளையோடு அவருடைய அப்பா, அம்மாவையும் அழைத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, அவர் அப்பாவுக்கு நூல் வேட்டி என்று அம்மா தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, வேட்டியை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிபுரத்துல பொண்ணு எடுத்தும் எனக்கு நூல் வேட்டிதானா?" என்றார்.

இப்போது யோசித்தால் அதில் பாதிக்கு மேல் கேலிதான். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"புடிக்கலைன்னா வெச்சிட்டுப் போங்க மாமா. கட்டிக்கினு இருக்கறதையும் சேத்து வெச்சிட்டுப் போனாலும் சரிதான்."

என் சித்தப்பா பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. மாமா வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தட்டில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அக்காவும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு அக்கா வரவே இல்லை.

அப்பா இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார். "பேசினவன் வந்து கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மாமா சொல்லி அனுப்பிவிட்டார். முதலில் வாயைத் திறந்தது அவர்தானே என்பது என் கட்சி. நான் போகவில்லை. அக்காவுக்கு வளைகாப்பு அங்கேயே நடந்தது. பிரசவத்துக்கும் அனுப்பவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை அம்மா பஸ் ஸ்டாப்பில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, "ஒம்பது நாளாச்சாம்பா, மூக்கு நம்ம வீட்டு மூக்காம்" என்றாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். சாஃப்ட்வேர் படிக்கப் போகிறேன் என்று சொல்லி அப்பாவை நச்சரித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அதில் படித்ததைவிட விளையாடியதுதான் அதிகம். நண்பன் ஒருவன் சிடியில் காப்பி போட்டுக் கொடுத்த விளையாட்டு. விண்வெளியில் நமக்கு ஒரு கிரகம். சுற்றிலும் வேற்றுக்கிரகத்து ஜீவன்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ராஜ்யம். சதுரங்கம் மாதிரி நாம் ஒரு முறை, அவர்கள் ஒரு முறை ஆட வேண்டும். அவர்களோடு சண்டையும் போடலாம், சிநேகமும் பிடிக்கலாம்.

அப்பா உரக்கடைக்குப் போன பிறகு, காலை வேளையில் அம்மா கீரையோடு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். எங்களுக்குப் பக்கத்து ராஜ்யக்காரர்கள் கொழகொழவென்று, கண்ணாடி மாதிரி உடம்போடு, மூன்று கண்களோடு இருப்பார்கள். அம்மா பார்த்ததுமே, "இன்னாடா இது, நுங்காட்டம் இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அவர்கள் நுங்குக்காரர்கள்.

நுங்குக்காரர்களுக்கும் எனக்கும் ஆரம்பத்திலேயே ஆகவில்லை. முதல் முறை அவர்கள் பேச வந்தபோது, பதில் சொல்ல நான்கு வாக்கியங்கள் திரையில் வந்தன. அதில் மிகவும் நக்கலான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சும்மா ஒரு தமாஷுக்குத்தான். அவர்கள் எல்லையை மூடிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டிய எல்லாமே அந்த எல்லைக்கு அப்பால்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் சமாதானத்துக்கு இறங்கினேன்.

சமாதானம் செய்வதில் அம்மா கெட்டிக்காரி. நான் கப்பல்களை எல்லையில் நிறுத்தி வைத்தால், "ஊட்டு வாசல்ல ஆளை நிக்க வெச்சிக்கினு உறவு கேப்பியா? தள்ளி நிக்கச் சொல்லு" என்பாள். ஒருநாள் நுங்குக்காரர்கள் முதன்முறையாக ஏதோ ஒரு தாதுவைப் பரிசாக அனுப்பினார்கள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அம்மா பதறிவிட்டாள்.

"தட்டு வந்தா வெறுந்தட்டைத் திருப்புவியா? ஒரு பிடி சக்கரையாவது போட்டு அனுப்புடா."

அனுப்பினேன். அதுவரை கோபத்தைக் காட்டும் சிவப்பில் இருந்த அவர்கள் முகக்குறி மஞ்சளானது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒன்றும் பெரிதாக நடந்துவிடாத மாதிரி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்பதற்கென்று அந்த விளையாட்டில் ஒரு பட்டன் இருந்தது. நான் அதைத் தட்டுவதை அம்மா கவனித்தாள்.

"அது இன்னாப்பா?"

"மன்னிப்பு கேக்கறதும்மா."

"கேட்டா பேசிடுவாங்களா?"

"ஒடனே பேச மாட்டாங்க. நாலு தடவை கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இது அஞ்சாவது."

அந்த ஐந்தாவது முறை நுங்குக்காரர்களின் தலைவன் திரையில் வந்தான். மூன்று கண்களையும் மூடித் திறந்தான். எங்கள் எல்லை உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று எழுத்து வந்தது. அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அய்ய, இதுக்குப் போய் அழுவறியா? வெறும் விளையாட்டும்மா" என்றேன்.

"அஞ்சு தடவை கேட்டியேப்பா நீ" என்றாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் என்னை நானே அடித்துக்கொள்ளத் தோன்றும் இடம் அதுதான்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். தேங்காய் உடைபடாமல் அப்படியே இருக்கும். நெற்றியில் புதிதாகக் குங்குமம் இருக்காது. கேட்டால், "செம கூட்டம்பா, வந்துட்டேன்" என்பாள். நான் தட்டிலிருந்த பழத்தை உரித்துத் தின்றுகொண்டே விளையாடப் போய்விடுவேன். நான்கு செவ்வாய்க்கிழமைகள் அப்படிப் போயின.

ஐந்தாவது செவ்வாய்க்கு முந்தின நாள் காலையில், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை. மாமா தெருவில் நின்றிருந்துவிட்டு, எடுத்ததும் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா மறுபடியும் வந்தார். கையில் தாம்பாளம், அதில் வேட்டியும் துண்டும். தாயை இழந்த பிள்ளைக்குச் சம்பந்தி வீட்டார் புது வேட்டி எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. நூல் வேட்டிதான்.

"கட்டிக்கப்பா" என்று நீட்டினார்.

"மாமா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். இவ்வளவுதானா அது என்று இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதான் கேட்டுட்டியேப்பா. உங்கம்மாகிட்ட நாலு தடவை சொல்லி அனுப்பினியே."

நான் விழித்தேன்.

"செவ்வாய்க்கிழமையானா வரும். தட்டும் கையுமா கேட்டுக்கு வெளியவே நின்னுக்கினு, 'பையன் மன்னிப்பு கேட்டுக்கினு வரச் சொன்னான் சம்பந்தி, அவனுக்கு நேர்ல வர வெக்கமா இருக்குது'ன்னு சொல்லும். நான் ஒரு தடவைகூட வாயைத் தொறக்கல, தட்டையும் வாங்கல. கொழந்தை என் மடியிலதான் இருக்கும். அதையே பாத்துக்கினு கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் போயிடும்." அவர் தாம்பாளத்தை என் கையில் வைத்தார். "அடுத்த தடவை வந்தா உள்ள கூப்பிட்டுக் கொழந்தையைக் கையில குடுக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேம்பா. அந்த செவ்வாய்க்கிழமை அவங்க வரல."

நான் யாரையும் அனுப்பவில்லை மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். எதையும் யோசிக்காமல் பேசிய என் வாய், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிமிஷம் நின்றது. உண்மையைச் சொன்னால் அம்மா அந்த கேட்டுக்கு வெளியே நான்கு முறை பொய் சொன்னவளாக ஆகிவிடுவாள்.

"ஆமாம் மாமா. நான்தான் சொல்லி அனுப்பினேன்" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். வேட்டியைக் கட்டிக்கொண்டேன். அவரே குனிந்து கரையைச் சரி செய்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "கொழந்தையைக் கொண்டாந்து மாமன் மடியில குடும்மா" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கொண்டுவந்தாள். மூக்கு எங்கள் வீட்டு மூக்குதான். அம்மா உட்கார்ந்து வாங்கியிருக்க வேண்டிய குழந்தையை, நான் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன்.