எச்சில் பட்ட நோட்டு

சவுரியம்மாளுக்குத் தாள் பைத்தியம். எந்தக் கடையில் நோட்டைப் பார்த்தாலும் ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்காமல் நகரமாட்டாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் கூரை வீடு, மல்லாட்டைக் கடலை உடைக்கிற கூலி. இதில் இந்தப் பைத்தியம் வேறு கேடா என்பாள் மாமியார். மாமியாருக்குச் சுருக்கெழுத்து தெரியாது, அதனால் மன்னித்துவிடலாம்.

சவுரியம்மாள் கற்ற சுருக்கெழுத்தில் கோட்டின் பருமன்தான் உயிர். மெல்லிய கோடு ஓர் ஒலி. அதையே அழுத்தி இழுத்தால் வேறு ஒலி. மட்டமான தாளில் மைப்பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவி மெல்லியதெல்லாம் தடித்துப்போகும். எழுதியவளாலேயே திரும்பப் படிக்க முடியாது. உசத்தித் தாள் வாங்கவோ வசதியில்லை. ஆகவே மலிவு நோட்டுகளுக்குள் மை ஊறாத ஒன்றைத் தேடிப் பிடிக்கிற வித்தையை அவள் பட்டுப் பட்டுக் கற்றிருந்தாள். கண்ணை நம்பினால் மோசம்தான். வெள்ளை வெளேரென்று பல்லிளிக்கும் தாள்தான் பெரும்பாலும் காலை வாரிவிடும்.

எண்பத்தாறாம் வருஷம், கார்த்திகை மாதம். விழுப்புரத்தில் பாண்டுரங்கன் என்ற வக்கீலுக்கு ஸ்டெனோ வேண்டுமென்று அவள் படித்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொன்னார்கள். சனிக்கிழமை பத்து மணிக்குப் போக வேண்டும். வக்கீல் சொல்லச் சொல்ல எழுதி, அப்படியே படித்துக் காட்ட வேண்டும். பென்சில் ஆகாது, அழிந்துபோகும். பேனாவும் நோட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை மேஸ்திரியின் லாரி வரும். பண்ருட்டிப் பக்கம் கரும்பு வெட்டக் குடும்பத்தோடு ஏற வேண்டும். இரண்டாவது படிக்கும் மகள் பொன்னியும் ஏறுவாள். அப்படி ஏறிப்போன பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. புருஷன் விருத்தாசலம் பொல்லாதவன் இல்லை. “வேலை கெடைச்சா நீயும் புள்ளையும் இருங்க, நான் மட்டும் போறேன். கெடைக்கலன்னா இன்னா பண்றது, நீயே சொல்லு” என்றான்.

சனிக்கிழமை காலை மழை கொட்டியது. பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். பையைக் காலடியில் வைத்திருந்தாள். விக்கிரவாண்டி தாண்டிக் குனிந்து பார்த்தால் பை தண்ணீரில் கிடந்தது. திண்டிவனம் முழுக்க அலைந்து பொறுக்கியெடுத்த நோட்டு ஊறின அப்பளமாகிவிட்டது. பேனா மட்டும் ஜாக்கெட்டில் இருந்ததால் தப்பியது.

கோர்ட்டுக்கு எதிரே ஒரே ஒரு ஸ்டேஷனரி கடைதான் திறந்திருந்தது. கடைக்காரர் துரைக்கண்ணு அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டு கேட்டதும் வெள்ளையாக ஒன்றை எடுத்துப் போட்டார். அவள் பேனாவின் மூடியைத் திருகினாள்.

“ஏம்மா, ஏம்மா! பேனாவத் தெறக்காத. போணி நேரத்துல மைய வெச்சிட்டீன்னா அப்பறம் அத்த எவன் வாங்குவான்?”

“மூலையில ஒரே ஒரு புள்ளிங்க. மை ஊறுதான்னு பாத்துட்டு வாங்கிக்கறேன்.”

“புள்ளியும் வேணாம், கோலமும் வேணாம். நல்ல பேப்பருன்னு நான் சொல்றேன் இல்ல?”

விலை சொன்னார். ஒரு நோட்டு வாங்கினால் திரும்பிப் போக பஸ்ஸுக்கு மிஞ்சும். அதற்குமேல் அவளிடம் எதுவும் இல்லை. நேரமும் இல்லை, கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டுகள் வந்து சேர ஆரம்பித்துவிட்டன. துரைக்கண்ணு பக்கத்துக் கடைக்காரனோடு பேசத் திரும்பியபோது, அவள் கடைசித் தாளின் மூலையை நாக்கு நுனியில் ஒற்றி எடுத்தாள். எச்சில் ஊறுகிற தாளில் மையும் ஊறும். அவளுக்குத் தெரிந்த அவசர வழி அதுதான். ஈரம் பட்ட இடம் பஜ்ஜி மடித்த காகிதம்போல் உடனே இருண்டு பரவியது. மட்டமான தாள்.

தலை நிமிர்ந்தால் துரைக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடிப்பாவி! சரஸ்வதில வாய வெக்கிறியே! ஆமா, நீ எந்த ஊரு?”

“திண்டிவனம் பக்கம்ங்க.”

“ஊரு சரி. ஊருல எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்விக்கு என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்மூரில் நடை பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். மழுப்பலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். “காலனிங்க” என்றாள்.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மேஜைமேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்து, அதன் முனையால் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். “காச வெச்சிட்டு அத்த எடுத்துக்கினு போ. இனிமே அது எனக்கு ஒதவாது.”

அவளுக்கு முகம் எரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழுதால் பேனா பிடிக்கிற கை நடுங்கும், கை நடுங்கினால் திங்கட்கிழமை லாரிதான். காசை மேஜைமேல் வைத்தாள். அந்த நோட்டை எடுத்து, ஈரப் பையில் போடாமல், அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பொன்னியின் பென்சிலுக்கு ஆகும். ஆனால் நகரவில்லை.

“மேல அந்தப் பச்சை அட்டை நோட்டு ஒண்ணு எடுங்க.”

“போதும், போம்மா.”

“காசு குடுத்துத்தானே கேக்கறேன்? ஜல்தியா எடுங்க, எனக்கு நேரமாவுது.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து பஸ் காசையும் மேஜைமேல் வைத்தாள். துரைக்கண்ணு காசைப் பார்த்தார். போணி நேரத்துக் காசைத் தள்ள அவருக்கும் மனசு வரவில்லை. ஒன்றை எடுத்துப் போட்டார். பழுப்பேறின மலிவுத் தாள், விரலில் தேய்த்தால் மொறமொறத்தது. இதுவும் ஊறினால் மூன்றாவதுக்கு வழியே இல்லை. இந்தத் தடவை அவர் திரும்புவதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மூலையை நாக்கில் ஒற்றினாள். ஈரம் பரவாமல் சின்ன முத்தாக அப்படியே நின்றது.

“இதுவும் எச்சில்தாங்க. காச எண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

பாண்டுரங்கன் வக்கீல் நடந்துகொண்டே சொன்னார். சில சமயம் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தார், சில சமயம் ஜட்ஜு எதிரே நிற்பதுபோல் முழங்கினார். சவுரியம்மாளின் பேனா விடாமல் துரத்தியது. “படி” என்றார். படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தக் கோடு மெல்லியதா, தடித்ததா? குமாஸ்தா நடராசன் நிமிர்ந்து பார்த்தான். லாரியின் பின்பலகை மூடுகிற சத்தம் அவள் காதில் கேட்டது. நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கோடு அவள் இழுத்த மாதிரியே மெல்லிசாக நின்றது. கடைசிவரை படித்து முடித்தாள்.

“குடு அத்த” என்று வக்கீல் நோட்டை வாங்கினார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு முதல் தாளைப் புரட்டினார். மறுபடி நாக்கு, மறுபடி தாள். ஒவ்வொரு தாளிலும் ஈரம் பதிந்தது. நடராசன் பக்கத்திலேயே நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த சரஸ்வதியும் ஒன்றும் சொல்லவில்லை. சவுரியம்மாள் அந்த விரலையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும்விடப் பெரிதாகக் கோபம் வந்தது.

“திங்கக்கெழம வந்துடும்மா” என்றார் வக்கீல்.

திங்கட்கிழமை. பொன்னி லாரி ஏறமாட்டாள்.

“வர்றேங்க சார். ஊருக்குப் போக பஸ் காசு மட்டும் வேணும். சம்பளத்துல புடிச்சிக்குங்க.”

வக்கீல் சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் கைவிட்டார். காசைக் கொடுத்துவிட்டு நோட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மை ஒரு பொட்டுகூட எறங்கலயே. எங்க வாங்கின?”

“எதிர்க்கடைங்க சார்.”

“திங்கக்கெழம வரும்போது ஆபீசுக்கும் ஒரு டஜன் வாங்கியாந்துடு. நான் சொன்னேன்னு சொல்லு.”

“வாங்கியாறேங்க சார்” என்றாள் சவுரியம்மாள். “ஒவ்வொண்ணா பாத்துத்தான் வாங்குவேன்.”