கைப்பையில் இருந்த பில்

நெல் மூட்டை ஏற்றும் மினி லாரி என் பெயரில். ஓட்டியவன் என் தம்பி குமரன். வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோது இன்ஸ்பெக்டர் சக்கரத்தைக் கழற்றாமலேயே, "பிரேக் லைனிங் தேஞ்சிருக்கும்மா, மாத்திட்டு வாங்க" என்று திருப்பிவிட்டார்.

ஏதோ எதிர்பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம். சம்பா அறுவடைக்கு முன்புதான் லைனிங் மாற்றியிருந்தோம். அதற்கான பில் கைப்பையிலேயே இருந்தது. அதோடு மேலதிகாரியிடம் போய், "கழட்டிப் பாக்காம எப்படி சார் சொல்லலாம்?" என்று சண்டை போட்டேன்.

தம்பி மெதுவாக, "நாமளே கழட்டிக் காட்டிருவோமே அக்கா. அறுவடை பூரா வண்டி சேத்துலதான ஓடுச்சு" என்றான்.

"சும்மா இருடா, பில்லு இருக்குல்ல" என்றேன்.

அதிகாரி பில்லைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஒன்பதாம் நாள், நீடாமங்கலம் பக்கம் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி ஆற்றுக்குள் பாய்ந்தது. தம்பி பிழைக்கவில்லை.

பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்த மெக்கானிக், "வயல் சேறு உள்ள போயி அரம் மாதிரி ராவிருச்சும்மா. புது லைனிங்கா இருந்தாலும் ஒரு அறுவடைதான்" என்றார்.

இப்போது அறுவடை முடிந்ததும் நாலு சக்கரத்தையும் கழற்றி, என் கண்ணால் பார்த்த பிறகுதான் புது டிரைவரை வண்டியை எடுக்கவிடுகிறேன். ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. அன்றைக்குத் தம்பி கேட்டதும் அவ்வளவுதான்.