நாக்கடியில் மாத்திரை வைத்து நடந்த ஆடிச்சுற்று

நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டேன். முப்பத்தேழாவதில் விழுந்தேன். கோமதி அம்பாளை நம்பும் உங்களிடம் அதை மறைக்க எனக்கு மனசில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். சங்கரன்கோவிலில் எனக்கு மிளகாய் வற்றல் மண்டி. மூடை தூக்கிய உடம்பு, பத்தடி நடந்தாலே நெஞ்சை அமுக்கிப் பிடித்தது. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிவிட்டது என்றார் உள்ளூர் டாக்டர். வலித்தால் நாக்கடியில் வைக்க மாத்திரை தந்தார். வலி அடங்கும், ஆனால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆடிச்சுற்றுக்கு இருந்த விரதத்தின் மயக்கம் என்று நானே முடிவுகட்டி, டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். மாத்திரைதான் மயக்குகிறது என்றாள் என் மனைவி. நீ என்ன டாக்டருக்குப் படித்தாயா என்று எரிந்துவிழுந்தேன்.

ஆடித்தபசுக்குக் கொடியேறியது. நெஞ்சுவலி தீர நேர்ந்த சுற்றைத் தொடங்கினேன். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் அம்பாளின் கால்வலியில் பங்கெடுக்கத்தானே நாம் பிரகாரம் சுற்றுகிறோம்? சுற்று நடுவில் நிற்கக்கூடாதென்று, வலித்தபோதெல்லாம் மாத்திரையை வைத்துக்கொண்டே நடந்தேன். எரிச்சல்தான் ஏறியது. இத்தனை வருஷம் கும்பிடுகிறேனே, என் குரலுக்கு மட்டும் உனக்குச் செவி இல்லையா என்று அம்பாளிடமே சண்டை போட்டேன். அடுத்த அடியில் கல்தளம் முகத்தில் மோதியது.

கண் விழித்தபோது, பின்னால் சுற்றி வந்த திருநெல்வேலி டாக்டரம்மா ஒருவர் என் மார்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மயக்கம் மாத்திரைக்கு முந்தியா, பிந்தியா?”

ஓடி வந்த என் மனைவி முந்திக்கொண்டாள். “பெறவுதாம்மா வருது. மூணு தடவ பாத்துட்டேன். நான் சொன்னா இவுக கேக்க மாட்டேங்காவ.”

குழாய் மட்டுமல்லவாம். இருதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலின் கதவும் இறுகியிருக்கிறதாம். மாத்திரை ரத்த அழுத்தத்தை இறக்கினால், இறுகிய கதவைத் தாண்டித் தலைக்கு ரத்தம் ஏறாதாம். இன்னும் ஒன்று வைத்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டேனாம். கதவை மாற்ற வைத்தியம் உண்டா என்றேன். இன்னும் வரவில்லை என்றார். மாத்திரையை நிறுத்து, நடையைக் குறை, திருநெல்வேலிக்கு வா. அவ்வளவுதான். இதற்கா இத்தனை சுற்று என்று பொருமினேன்.

மீதி எழுபத்திரண்டையும் என் மனைவி சுற்றினாள். நான் தூணில் சாய்ந்து எண்ணினேன்.

மூன்று ஆடி போய்விட்டது. நோய் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. மயக்கம் மட்டும் வரவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அம்பாள் என் வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்லியிருக்கிறாள். செவி இல்லாதவன் நான்தான். அவளிடம் வேண்டுங்கள், கைவிட மாட்டாள். பதில் அடுப்படியிலிருந்து வந்தால், என்னைப் போல எரிந்துவிழாதீர்கள்.