சேலையூரில் ஓர் ஒத்திகை

சேலையூரில் கார் பஞ்சர். டிரைவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஜாஸ் பியானோக்காரன். சாயங்காலம் சிறுசேரியில் ஒரு ஐடி கம்பெனி விழாவில் வாசிக்க வேண்டும். "கொஞ்சம் பாப், கொஞ்சம் எலக்ட்ரானிக் கலந்தாதான் சார் ஜனங்க உட்காருவாங்க" என்று விழாக்காரர்கள் சொன்னதால் புதிதாக ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அதை யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

சும்மா நிற்பானேன் என்று கீபோர்டை டிக்கியில் வைத்து, பேட்டரி ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி வாசிக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர் ஃபிளாட்டிலிருந்து ஜனங்கள் இறங்கி வருகிறார்கள்! என் வாசிப்புக்கு ஒரு தெருவே எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. பூரிப்பில் கண்ணை மூடி வாசித்துவிட்டுத் திறந்தால், எல்லார் கையிலும் குப்பை வாளி.

முன்னால் நிற்கும் அக்கா டிக்கிக்குள் எட்டிப் பார்க்கிறார். "குப்பை வண்டி இல்லையா சார்? ரெண்டு நாளா வரல. வண்டில போடுற பாட்டைத்தான் மாத்திட்டாங்கன்னு நினைச்சு ஓடி வந்தேன்."

"பாட்டு எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுநடுவுல நிறுத்திடுறீங்க. வண்டி போயிடுச்சோன்னு பகீர்னு ஆகுது."

அந்த மௌனங்கள் மட்டும்தான் அதில் மிச்சமிருந்த ஜாஸ். சுருக்கென்று கோபம் வருகிறது. இருந்தாலும் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டு, எங்கேயும் நிறுத்தாமல் இன்னொரு தடவை வாசிக்கிறேன்.

மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் ஒரு வாளி இறங்குகிறது.