பிரஷ்யத் தளபதியும் பின்ஷட்டர் சாவியும்

அன்று பஞ்சு குடோனின் பின்ஷட்டர் முன்னால் நின்றவர்கள் இரண்டே பேர்: வாட்ச்மேனான நானும், எங்கள் செக்யூரிட்டி ஆபீசரும். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் இராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லே அவரைச் சுபேதார் என்றுதான் கூப்பிடும். உள்ளே கழிவுப் பஞ்சு பிரிக்கும் பெண்கள் இருவர். முன்வாசலில் தீ. சாவி என் இடுப்பில்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எதற்கெடுத்தாலும் பயம், பூட்டிய பூட்டையே திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். டீ நேரத்தில் சுபேதார் பிரஷ்ய நாட்டுத் தளபதி ஒருவரின் கதையைச் சொல்லிவந்தார். நெப்போலியனை எதிர்த்து இளம்வயதில் போருக்குப் போனவர். பிறகு பல்லாண்டுகளைப் பெரும்பாலும் பயிற்சியிலேயே கழித்து, எழுபதை நெருங்கும்போது ஆஸ்திரியர்களை அடுத்தடுத்து வென்றார். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடைசிப் போரில் மேலிடத்துத் திட்டத்தை மீறி முந்திப் பாய்ந்தார். ஏராளமான சிப்பாய்கள் செத்தார்கள். படையைப் பிடுங்கிக்கொண்டு, கவர்னர் என்று எங்கோ அனுப்பிவிட்டார்கள். மீறினால் வேலை போகும் என்பது மட்டும் என் மனதில் நன்றாகப் பதிந்திருந்தது.

போனில் மேனேஜர் கத்தினார். "எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயாச்சுல்லா! ஃபயர் வண்டி வாரவரைக்கும் பின்ஷட்டரத் தொறக்காதீங்க. உள்ள காத்துப் போச்சுன்னா அம்புட்டு ஸ்டாக்கும் எரிஞ்சு போயிரும்." உள்ளூர் வண்டி வேறொரு தீக்குப் போயிருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துதான் வர வேண்டும். அவர் போனை வைத்த பிறகுதான் உள்ளிருந்து யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"சாவியக் குடுலே."

"மேனேஜரு வேண்டாம்ங்காரு ஐயா. மீறுன அந்தத் தளபதிக்கு என்ன ஆச்சு?"

"அவரு ஜெயிக்கணும்னு ஓடுனாரு, சிப்பாய் செத்தான். இங்க சும்மா நின்னா யாரு சாவா, சொல்லு. பயமா இருந்தா, சுபேதார் பிடுங்கிட்டாருன்னு சொல்லிக்கோ."

தட்டும் சத்தம் குறைந்தது. கொடுத்துவிட்டேன்.

முழங்கால் உயரத்துக்கு ஷட்டர் ஏறியதும் இருவரும் புகைக்கு அடியில் தவழ்ந்து வந்தார்கள். மூத்தவள் இருமிக்கொண்டே கேட்டாள்: "சாவிய வச்சுக்கிட்டு வெளிய பட்டிமன்றமா நடத்துதீய?" அவளுக்குப் பின்னால் காற்று உள்ளே போனது. மேனேஜர் சொன்னபடியே பஞ்சு மொத்தமும் எரிந்தது.

மறுநாள் விசாரணையில் சுபேதார் முந்திக்கொண்டார். "இவன் மேல தப்பில்ல. சாவிய நான்தான் பிடுங்குனேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வீட்டு வாடகையும் கண்முன் வந்தன.

"பிடுங்கலைங்கய்யா. நானாத்தான் குடுத்தேன்."

இருவருக்கும் வேலை போயிற்று. இப்போது கல்யாண மண்டபம் ஒன்றில் காவல் இருக்கிறேன். அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் சுபேதார் திட்டிக்கொண்டே வந்தார். "கூறுகெட்ட பயலே, உனக்காக நான் சொன்ன ஒரே பொய், அதையும் கெடுத்துட்டியே!" பஸ்ஸில் ஏறியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்ததும், "செட்டியார்பட்டி ரெண்டு" என்றார்.