அழித்த எண்

கப்பலூரில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுத்த எல்லோருக்கும் ஒருநாள், யாரையும் கேட்காமல், "அடுத்த விசேஷத்துக்கும் நம்ம கடைதான்!" என்று விளம்பரச் செய்தி அனுப்பினேன்.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "அண்ணே, போன மாசம் எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிச்சீங்க. அடுத்து யாருக்கு அடிக்கப் போறீங்க?"

இயந்திரத்திலிருந்து யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தொலைபேசி நிறுவனத்தில் புகார் கொடுத்தால் என் எண்ணின் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கடையே அந்த எண்ணில்தான் ஓடுகிறது.

"தப்புதாம்மா. புகார் மட்டும் குடுத்துராதீங்க."

"குடுக்கத்தான் நெனச்சேன். அவரு மொகத்த அம்புட்டு அழகா அடிச்சுக் குடுத்தீங்களே, மனசு வரல. இனிமே கேட்டுட்டு அனுப்புங்கண்ணே. என் நம்பர எடுத்துருங்க."

உடனே அழித்தேன். இப்போது சம்மதித்தவர்களுக்கு மட்டுமே அனுப்புகிறேன். வேண்டாமென்றால் அன்றே நீக்குகிறேன். அவரை அழைத்து நன்றி சொல்ல ஆசைதான். எண் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.