பெயர் எழுதாத ஜெபச்சீட்டு

அன்புப் பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரி ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை வாரிப் போடுவேன். என் ஆண்டவர் என் வீட்டில் செய்ததை உங்களுக்கு மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

போன வருடம் வெயில் காலம். முதல் ஷிப்ட் முடித்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பின் சீட்டில் என் மகன் சாம் சாய்ந்து கிடந்தான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தான்.

"பஸ் ஸ்டாண்டாண்ட வுழுந்து கெடந்தாங்க. உங்க புள்ளைன்னு ஒருத்தரு சொன்னாரு," என்றார் ஆட்டோக்காரர்.

அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவன் கண்ணை விரித்துப் பார்த்தார். போதைக்காக மாத்திரை போடுகிறான் என்றார். "இன்னொரு முறை இப்படி ஆனால் மூச்சு நின்றுவிடலாம்," என்றார். என் மனைவி எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே அவன் மறுபடியும் போட்டான். திட்டினேன். அடித்தேன். அறைக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு நானே அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கும் அவன் மாறவில்லை. பகலெல்லாம் தூங்கினான். படிப்புக்குப் போகவில்லை. நாங்கள் பேசினால் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். வேலைக்குப் போகுமுன் தினமும் அவன் பக்கத்தில் குனிந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்புப் போடுவேன்.

எங்கள் சபை சின்ன சபை. கதவுப் பக்கம் ஒரு பெட்டி இருக்கும். ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதி அதில் போடுவார்கள். போதகர் ஐயா ஆராதனையில் அதை வாசிப்பார். எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். நானும் எழுதினேன். ஆனால் பெயர் எழுத வெட்கம். சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவன் நான். என் மகன் இப்படி என்று எப்படிச் சொல்வேன்? அதனால் இப்படி எழுதினேன்: "மந்தாரக்குப்பத்தில் ஒரு விசுவாசியின் வீட்டில், மகன் மாத்திரைக்கு அடிமையாக இருக்கிறான். ஜெபிக்கவும்."

போதகர் ஐயா அதை வாசித்ததும் பெண்கள் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. லில்லியைப் பார்த்தார்கள்.

லில்லி எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிற சகோதரி. கணவர் இல்லை. ஒரே மகன், பீட்டர். அவனுக்கும் சாம் வயதுதான். சபையில் டிரம் வாசிப்பான். வாரநாட்களில் வெல்டிங் பட்டறையில் வேலை. அந்த வெளிச்சத்தில் அவன் கண் எப்போதும் சிவந்திருக்கும். மந்தாரக்குப்பத்திலிருந்து சபைக்கு வருகிறவர்களில் அந்த வயதுப் பையன்கள் அவர்கள் இரண்டு பேர்தான். நான் காணிக்கைப் பை பிடிக்கிறவன். அதனால் என் மகனை யாரும் நினைக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் பேசியது என் காதில் விழுந்தது.

"அவன் கண்ணப் பாத்தியா? ரத்தமாட்டம் செவந்துகினு."

"அதான் டிரம்ம அந்தப் போடு போடறான் போல."

சிரித்தார்கள். நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெயர் தப்பித்தது என்று நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா தம்பி," என்று பீட்டரிடமிருந்து டிரம்மை வாங்கிவிட்டார்கள். அவன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நானும் எஸ்தரும் உபவாசம் இருந்து, "ஆண்டவரே, எங்கள் மகனை விடுதலையாக்கும்" என்று அழுதோம். ஆறு வாரம் இப்படியே போனது. சாம் இன்னும் மோசமானான்.

ஒரு சனிக்கிழமை, எனக்கு வார லீவு. சாயங்காலம் லில்லி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளறையில் சாம் படுத்திருந்தான். எஸ்தர் நாற்காலி போட்டாள். லில்லி உட்காரவில்லை.

"அண்ணே, எனக்காக ஒரு ஜெபம் பண்ணணும்," என்றாள். "பீட்டரு மாத்திர போடறானாம். சபையே பேசிகினு கெடக்குது. என்கிட்டதான் ஒருத்தரும் சொல்லல. நேத்து அவன் பைய கொட்டிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. இல்லன்னாலும் மனசு கேக்கல. கன்னத்துல அறைஞ்சுட்டேண்ணே. 'நீயே நம்பறியாம்மா'ன்னான். நேத்துலேந்து சோறு துன்னல."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் முழங்கால் போட்டோம். நான் ஜெபத்தைத் தொடங்கினேன்.

"கிருபையுள்ள ஆண்டவரே, இந்தத் தாயின் மகனை..."

அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. மனிதர்களிடம் ஆறு வாரம் பொய்யாக நடந்துவிட்டேன். ஆண்டவரைப் பார்த்து அதையே ஜெபமாகச் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்தேன்.

"லில்லி, அந்தச் சீட்டு நான் எழுதுனதும்மா. பீட்டருக்கு இல்ல. எங்க சாமுக்கு."

அவள் மெதுவாக எழுந்து நின்றாள்.

"ஆறு வாரம்ணே," என்றாள். "என் புள்ளைய எல்லாரும் அப்பிடிப் பாக்கறப்ப, நீங்க முன்னால நின்னுகினு பாட்டு பாடனீங்களேண்ணே."

எஸ்தர் அவள் கையைப் பிடித்தாள். லில்லி கையை உருவிக்கொண்டாள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. சாம் நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவமானப்படுத்திவிட்டாய் என்று என்மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பீட்டரு அடி வாங்குனானா? எனக்காகவா?" என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு சொன்னான்: "அம்மா, பரண்மேல அப்பாவோட பழைய பூட்ஸ் இருக்குதே, அதுக்குள்ள மாத்திரைய வெச்சிருக்கறேன். நீ எடுத்துடும்மா. நான் எடுத்தா போட்டுக்குவேன்."

எஸ்தர் தரையில் உட்கார்ந்து சாமைக் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் ஏறி அந்த பூட்ஸை எடுத்தது லில்லிதான். உள்ளே இருந்த மாத்திரை அட்டைகளை என் கையில் கொடுத்தாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்கண்ணே. பேசிகினு நிக்காதீங்க," என்றாள். அவள் கோபம் தீரவில்லை. ஆனாலும் தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டது அவள்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பீட்டரிடம் எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்டேன். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலை குனிந்தே இருந்தான். போதகர் ஐயாவும் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு சபை முழுவதும் சாம் என்று பெயர் சொல்லி ஜெபித்தது. என் மகனின் பெயரை அத்தனை வாயிலிருந்து கேட்டபோது வெட்கம் போய்விட்டது. அழுகைதான் வந்தது.

பிள்ளைகளே, ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. போதை மறக்க வைக்கிற வார்டில் மூன்று வாரம் இருந்தான். வாந்தி, நடுக்கம், கோபம். வீட்டுக்கு வந்த பிறகு அவனைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நானும் எஸ்தரும் மட்டும் எப்படிப் பார்ப்போம்? எங்கள் சபையில் பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள். அவர்களே பிரித்துக்கொண்டார்கள். மதியம் இரண்டாம் ஷிப்ட் போகிறவர் காலையில் வந்து சாமோடு இருப்பார். முதல் ஷிப்ட் முடித்தவர் குளித்துவிட்டுச் சாயங்காலம் வருவார். கேரம் ஆடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், சில நாள் சும்மா இருப்பார்கள். நான் கேட்ட உதவியை ஆண்டவர் இவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார். பெயரை மறைத்திருந்தால் இவர்களில் ஒருவருக்கும் எங்கள் வீட்டுக்கு வர வழி தெரிந்திருக்காது.

நடுவில் ஒரு முறை சாம் வழுக்கினான். ஆனால் அன்றைக்கே அவனே வந்து சொன்னான். மறுபடியும் டாக்டரிடம் போனோம்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பீட்டர்.

"டேய் சாமு, சும்மா படுத்துகினு இருக்காத. வா, ஒரு ரவுண்டு போலாம். நீதான் மிதிக்கணும், நான் பின்னால உக்காந்துகினு வருவேன்."

"நீ எம்மாம் வெயிட்டுடா, டயரு வெடிச்சிடும்," என்றான் சாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். எஸ்தர் சமையலறையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாம் மறுபடியும் ஐ.டி.ஐ.க்குப் போகிறான். அம்மாவோடு சண்டை போட்டு இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். நானும் மாறியிருக்கிறேன். நல்லவன் மாதிரி தெரிய வேண்டும் என்ற ஆசையை ஆண்டவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். என் மகனுக்கு மூச்சைத் திரும்பக் கொடுத்தவருக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருடைய வீட்டிலாவது அண்ணனோ அக்காவோ இப்படிக் கஷ்டப்படலாம். அது உங்கள் தப்பு இல்லை. உள்ளேயே வைத்துப் புழுங்காதீர்கள். அம்மாவிடமோ, டீச்சரிடமோ, ஞாயிறு பள்ளி அக்காவிடமோ சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. ஆண்டவரிடமும் சொல்லுங்கள். அவர் நம்மைக் குறித்து வெட்கப்படுகிறவர் இல்லை. எங்கள் சாமுக்காகத் தினமும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள், அவன் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக நாங்களும் முழங்காலில் நிற்போம். பெயரை மட்டும் சொல்லுங்கள்.